கை பட்டா பில்!

"ஐயோ...!"

ரிசப்ஷன் பெண்ணின் அலறல் கிளினிக்கின் கண்ணாடிக் கதவுவரை வந்து மோதியது.

மேனேஜரம்மா அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் ஓடினாள்.

பெரிய டாக்டர் தன் அறையில், தன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தன.

கையைத் தொட்டாள்... சில்லென்றிருந்தது!

பதினெட்டு வருஷமாக இந்தக் கிளினிக்கைக் கட்டி மேய்ப்பவள் அவள். டாக்டர்கள் என்றாலே அவளுக்கு இளக்காரம்தான். பெரிய டாக்டர் ஒருத்தர் மட்டும் விதிவிலக்கு. நோயாளி பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காத மனுஷன்.

"யாரும் எதையும் தொடாதீங்க! போலீசுக்கு போன் போடும்மா!"

"போலீஸ் எதுக்கு? ஹார்ட் அட்டாக். பார்த்தாலே தெரியுதே!"

வாசலில் மாப்பிள்ளை டாக்டர். பெரிய டாக்டரின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு, கூடவே கிளினிக்கின் பில்லிங்கையும் கட்டிக்கொண்டவர். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். அது ஒரு நோயாளியின் நெஞ்சைத் தொட்டு மாதக்கணக்காகிறது.

மாமனாரின் நாடியைக்கூடப் பார்க்காமல் வியாதியைச் சொல்லிவிட்டார்!

த்தூ... இதுவும் ஒரு டாக்டர்!

அதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வியாதிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு கோட் நம்பர் உண்டு. பெரிய வியாதி என்றால் பெரிய தொகை. மாப்பிள்ளை டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாதாரண சளி நிமோனியாவாகும். வாயுத்தொல்லை அல்சராகும். கால் சுளுக்கு என்று நொண்டிக்கொண்டு வந்தவன், தனக்கே தெரியாமல் எலும்பு முறிந்துபோய் வீட்டுக்குப் போவான்.

"கை பட்டா பில்!" இதுதான் அவர் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஓதும் ஒரே மந்திரம்.

பெரிய டாக்டரின் மேஜையில் இருந்த சுகர் மெஷினைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கட்டைவிரல் ரேகை வைத்து, நோயாளியின் பெயரைத் தொட்டால்தான் அது வேலை செய்யும். டெஸ்ட் முடிந்ததும் 'பில்லா, இலவசமா?' என்று கேட்கும். பில்லைத் தொட்டால் அந்த நொடியே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பறந்துவிடும். பெரிய டாக்டர் ஏழை எளியவர்களுக்கு இலவசத்தைத் தொடுவார். மாப்பிள்ளைக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே போலீஸ் டாக்டர்.

அரை மணி நேரத்தில் ஹார்ட் அட்டாக் கதை கந்தலானது.

"சட்டை காலர் பூரா வேர்வைக் கறை" என்றார் இன்ஸ்பெக்டர். "தோளுக்குப் பின்னால புதுசா ஊசி குத்தின இடம். அவரே போட்டுக்கிட்டார்னா கை அங்க எட்டாதே. மருந்து பீரோல சுகர் குறைக்கிற இன்சுலின் குப்பி ஒண்ணைக் காணோம். அதை அளவுக்கு மேல ஏத்தியிருக்காங்க. ராத்திரி ரத்தத்துல சுகர் இறங்கி இறங்கி... ஆள் காலி. இது கொலை!"

ரிசப்ஷன் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மருந்து பீரோ சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான் சார்" என்றாள் மேனேஜரம்மா.

"வேற யார்கிட்டயும் கிடையாதா?"

"இன்னொண்ணு இருந்துச்சு. போன மாசம் தொலைஞ்சு போச்சுன்னு மாப்பிள்ளை டாக்டர் சொன்னார்."

மாப்பிள்ளை டாக்டர் பெருமூச்சு விட்டார். சினிமாவில் நடிக்கப் போயிருந்தால் முதல் நாளே விரட்டியிருப்பார்கள். அவ்வளவு மட்டமான பெருமூச்சு.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியல சார்... நேத்து சாயங்காலம் மாமாவுக்கும் இவங்களுக்கும் சண்டை. இவங்க கள்ள பில் போட்டதை மாமா கண்டுபிடிச்சுட்டார். காலையில கம்பெனிக்கே போன் பண்ணிச் சொல்றேன்னு கத்தினார்."

"அடப்பாவி!" மேனேஜரம்மா வெடித்தாள். "அந்தக் கள்ள பில்லெல்லாம் நீங்க போட்டது! அதை நான்தான் பெரிய டாக்டர்கிட்ட காட்டினேன்! அவர் கத்தினது உங்களைப் பத்தி!"

"கேக்கறதுக்கு அவர் உயிரோட இல்லையே..." என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார் மாப்பிள்ளை. கைக்குட்டை நனையவில்லை.

"நேத்து ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க டாக்டர்?"

"சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டேன் சார். இந்த ரூம் பக்கமே வரல. இவங்கதான் எப்பவும் கடைசியா கிளம்புறது."

கான்ஸ்டபிள் உள்ளே வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் சின்ன கண்ணாடிக் குப்பி... காலி!

"மேனேஜரம்மா டிராயர்ல இருந்துச்சு சார். ஸ்டேப்ளருக்கு அடியில."

மேனேஜரம்மா குப்பியைப் பார்த்தாள். பீரோவைத் திறந்த சாவி எது, குப்பியை வைத்த கை எது என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் புரிந்து என்ன செய்ய?

"நல்லா யோசிச்சுப் பேசுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "சாவி உங்ககிட்ட. குப்பி உங்ககிட்ட. சண்டையும் உங்களோட. நான் வேற யாரைத் தேடறது?"

ஜெயில்கூடப் பெரிதில்லை. பெரிய டாக்டரைக் கொன்றவள் என்ற பேரோடு ஜெயிலுக்குப் போவதா? அதுவும் இந்தக் கழிசடை சொல்லி?

"சார், நான்..."



"ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசலாம். கிளம்புங்க."

ட்ரிங்... ட்ரிங்...!

ரிசப்ஷனைத் தாண்டும்போது மேஜையில் போன்.

ரிசப்ஷன் பெண் எடுத்தாள். கேட்டாள். திரும்பினாள்.

"மேனேஜரம்மா... இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஒரு பில் விஷயமாம். உங்களைத்தான் கேக்குறாங்க."

மாப்பிள்ளை டாக்டரின் முகம் பல்பு போட்டது போலப் பிரகாசமானது.

"பார்த்தீங்களா சார்! கள்ள பில் விஷயம் கம்பெனி வரைக்கும் போயிடுச்சு! இவங்க வண்டவாளத்தை நீங்களே கேளுங்க!"

தாவி வந்து ஸ்பீக்கர் பட்டனை அவரே அமுக்கினார்.

"குட் மார்னிங் மேடம்!" மறுமுனையில் ஒரு இளம்பெண்ணின் குரல். "பெரிய டாக்டரே பேஷண்ட் ஆயிட்டாரேன்னு கூப்பிட்டேன். இப்ப எப்படி இருக்காரு?"



இன்ஸ்பெக்டர் போனை நோக்கிக் குனிந்தார்.

"போலீஸ் பேசறேம்மா. என்ன பேஷண்ட்? விவரமா சொல்லு."

"போ... போலீசா? சார், நேத்து ராத்திரி அவருக்கு மூணு சுகர் டெஸ்ட் பண்ணதா பில் வந்திருக்கு. முதல்ல எழுபது. அப்புறம் நாப்பத்தஞ்சு. கடைசியில இருபத்தெட்டு. இவ்வளவு இறங்கியும் குளுக்கோஸ் ஏத்தினதுக்கு பில்லையே காணோம்... அனுப்ப மறந்துட்டாங்களான்னு கேக்கத்தான்..."

"டெஸ்ட் பண்ணது யாரு?"

"அவரோட மாப்பிள்ளை சார். சின்ன டாக்டர். அவர் கட்டைவிரல் ரேகைதான் பதிவாயிருக்கு."

"இருக்கவே முடியாது!" மாப்பிள்ளை டாக்டர் கத்தினார். "மெஷின்ல இருந்த எல்லாத்தையும் நான் அழிச்சுட்டுத்தானே..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அழிச்சுட்டுத்தானே...?" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "முடிங்க டாக்டர். அந்த ரூம் பக்கமே போகாத ஆள் எதை அழிச்சீங்க?"

மாப்பிள்ளை டாக்டரின் காலரில் வேர்வை ஊறியது. மாமனாரின் காலரில் இருந்த அதே இடத்தில்.

மேனேஜரம்மா அவர் அருகே வந்தாள். அவர் மூஞ்சியை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"ஊசி வேலை செய்யுதான்னு மூணு தடவை பார்த்தீங்க. மூணு தடவையும் மெஷின் கேட்டிருக்குமே... பில்லா, இலவசமான்னு? இலவசத்தைத் தொட்டிருந்தா விஷயம் அந்த ரூமைத் தாண்டியிருக்காது. கண்ணு முன்னால சாகற மாமனாருக்குக்கூட உங்க கை அந்தப் பட்டன் பக்கம் போகலையே!"

"பழக்க தோஷம்..." என்று முனகினார் மாப்பிள்ளை.

கிளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது.

போன் இன்னும் உயிரோடுதான் இருந்தது.

"ஹலோ... மேடம்? இந்த பில்லை நான் என்ன பண்ணட்டும்? உங்க கிளினிக் பில்லுன்னாலே நாங்க சந்தேகப்பட்டு நிறுத்திதான் வைப்போம்..."

மேனேஜரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனிடம் குனிந்தாள்.

"இதை மட்டும் தாராளமா பாஸ் பண்ணும்மா... எங்க மாப்பிள்ளை டாக்டர் இந்த ஜென்மத்துல அனுப்பினதுலயே உண்மையான பில் இது ஒண்ணுதான்!"