காயாத பலகை

பலகையில் பூசிய எண்ணெய் காயவே இல்லை.

ஆளிவிதை எண்ணெய் காய நாள் பிடிக்கும், அதுவும் மலையூரின் குளிர்கால ஈரத்தில் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும் என்பது தச்சன் ஸ்டாதிஸுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதே டப்பாவிலிருந்து எண்ணெய் குடித்த நாற்காலிக் கால்கள் எப்போதோ உலர்ந்து சுவரோரம் சாய்ந்து நிற்க, பகடை உருட்டிக் காய் நகர்த்தி ஆடும் இந்தத் தாவ்லிப் பெட்டி மட்டும் இரண்டு பாதியும் புத்தகம்போல் விரிந்து, மழையில் நனைந்து இப்போதுதான் உள்ளே வந்ததுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. துணியால் ஒற்றினான். துணி சிவந்தது. முகர்ந்தான். எண்ணெய் வாடையே இல்லை. திராட்சை மதுவின் புளிப்பு, அதன் அடியில் ஈரமண்.

துணியை அடுப்பில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

அந்த வால்நட் பலகை அவனுடையதல்ல. அவன் நண்பர் சீசிஸ் தன் முற்றத்து மரத்தை அறுத்தபோது எடுத்துவைத்தது. சாயங்காலமானால் இருவரும் காப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து தாவ்லி ஆடுவார்கள். ஸ்டாதிஸ் யோசித்தால் போதும், "பகடையை உருட்டுடா, அடைகாக்காதே" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சீசிஸ் சொல்வார். சாகும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: மண்ணிலிருந்து எடுத்தபிறகு தன் எலும்பு இந்தப் பலகையில் செய்த பெட்டியில் இருக்க வேண்டும். புதைத்துச் சில வருடங்கள் கழித்துத் தோண்டியெடுத்து, மதுவில் கழுவி, வெயிலில் உலர்த்தி, பெட்டியிலிட்டு, கோயிலின் எலும்பறையில் அடுக்குவது அங்கே வழக்கம். எலும்பெடுக்கும் நேரம் நெருங்கியதும் அவர் மனைவி அசிமினா பலகையைத் தானே தூக்கிவந்து கொடுத்தாள்.

இழைப்புளி ஓடியதும் உள்ளேயிருந்து கரும்பழுப்பு அலைகள் எழும்பின. நடுவில் ஒரு கணு, பாதி மூடிய கண்போல. இதைக் கொண்டுபோய் இருட்டில் அடுக்குவதா? ஸ்டாதிஸுக்கு மனசு வரவில்லை. வால்நட்டைத் தனக்குத் தாவ்லிப் பெட்டியாக்கிக்கொண்டு, மலிவான பாப்லர் மரத்தில் எலும்புப் பெட்டி செய்தான். வால்நட் காயின் பச்சைத்தோலை ஊறவைத்து, அதுவும் வால்நட்போல் தெரிய அந்தச் சாயத்தைப் பூசினான். அசிமினா பெட்டியைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவன் கையை எடுத்து முத்தமிட்டாள். அந்த இடத்தை அவன் எத்தனையோ தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டான்.

"இன்னமும் அதைத்தான் தடவிட்டு இருக்கியா?" வீட்டுப் பக்கக் கதவில் அவன் மனைவி வாசோ நின்றாள். "என்னை ஒருநாளாவது இப்படித் துடைச்சு அழகு பாத்திருப்பியா?"

"என்ன வேணும்?"

"நேத்து எலும்பெடுத்தப்பவும் நீ போகல. அசிமினா இப்ப இங்கதான் வந்துட்டு இருக்கா. முகமே சரியில்ல."

வாசோ போனதும் அவன் அலமாரியைத் திறந்தான். எண்ணெய் அலைகளை எழுப்பிக் காட்டிவிட்டது. அசிமினா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். மெழுகும் காட்டும். அரக்கு பாலிஷ் கண்ணாடி வைத்ததுபோல் காட்டும். மறைப்பது கறுப்பு வார்னிஷ் ஒன்றுதான். எந்த அழகுக்காகத் திருடினானோ அதன்மேலேயே கறுப்பைப் பூச வேண்டும். பெட்டியை மூடித் தாழிட்டு, தூரிகையைத் தோய்த்தான். ஈரத்தின்மேல் ஒட்டாது என்று நினைத்தான். ஆனால் பலகை கறுப்பை மடமடவென்று உறிஞ்சியது, தாகமெடுத்தவன் தண்ணீர் குடிப்பதுபோல. கடைசியில் கணுவையும் மூடினான்.

அசிமினா கருப்புத் தலைத்துணியோடு, மழை சொட்ட உள்ளே வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"நேத்து மழை தம்பி. வெயில்ல வைக்க முடியல. கழுவின ஈரத்தோடவே உன் பெட்டில வெச்சோம். காலையில பாதிரியார் திறந்து பாத்தார்." அவள் தலைத்துணியின் நுனியைப் பிழிந்தாள். "எல்லாம் கருகருன்னு ஆயிருச்சு."

சாயம். மது பட்டு, பச்சைத்தோல் சாயம் கரைந்திருக்கிறது. ஸ்டாதிஸுக்குப் புரிந்தது.

"கழுவறப்ப மஞ்சளாத்தான் இருந்துச்சு. மஞ்சளா வந்தா புண்ணியாத்மா, உனக்குத் தெரியாததா? கறுப்புன்னா பாவி. உள்ள ஒளிச்சு வெச்ச பாவம் ராத்திரியோட வெளிய வந்திருச்சுன்னு சொல்றாளுக. மறுபடி மண்ணுல போடணுமாம்." அவள் நிமிர்ந்தாள். "நீ அவரோடயே இருந்தவன். சொல்லு. அவர் என்ன செஞ்சார்?"

ஒரு வார்த்தை போதும். சாயம், அண்ணி. அது நாக்கின் நுனிவரை வந்தது. பின்னாலேயே மற்றதும் வரும்: பலகை எங்கே, இந்தக் கறுப்புப் பெட்டி என்ன, நீ யார். அவன் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"யாருக்கு அண்ணி தெரியும்? மனுஷன் மனசுக்குள்ள..."

அவள் அழவில்லை. மெதுவாகத் தலையாட்டினாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

அப்போது மேசைமேல் ஏதோ உரசியது.

"என்ன சத்தம்?"

"எலி."

மறுபடி. மரத்துக்குள் மரமல்லாத ஒன்று நகரும் சத்தம். பெட்டிக்குள்ளே. காய்கள் இன்னும் கடையவில்லை. பகடையும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

தாழ் தானாக விலகியது.

ஸ்டாதிஸ் பாய்ந்து மூடியின்மேல் கையை வைத்தான். வார்னிஷ் ஈரம். சில்லென்று. இரண்டு கையாலும் அழுத்தினான். கீழிருந்து ஏதோ அழுத்தியது. வேகமாக அல்ல. பொறுமையாக. முறை வருவதற்குக் காத்திருக்கும் ஆட்டக்காரன்போல.

"தம்பி, என்ன பண்றே?"

மது வாடை பட்டறையை நிறைத்தது. மூடி ஒரு விரற்கடை எழும்பியது. முழு பலத்தோடு அழுத்தினான். எழும்பியது. இடுக்கில் இருட்டு. இருட்டிலிருந்து ஒரு நுனி. இன்னொன்று. தசையில்லாத விரல்கள், ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவன் கைமேல், அவள் முத்தமிட்ட இடத்தில், படிந்தன. இறுக்கின.

அசிமினா அலறவில்லை. அருகே வந்து குனிந்தாள். கன்னம் நனைந்திருந்தது. முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம்.

"மஞ்சளா இருக்கே," என்றாள். "மெழுகு மாதிரி மஞ்சளா இருக்கே."

ஸ்டாதிஸ் கையை இழுத்தான். வரவில்லை.