இருமல் போன இடம்

இருமல் வழக்கமான இருமல்தான். வந்த திசைதான் சரியில்லை.

மெக்கானிக் முன்னறையில் கணப்புக்குக் காலை நீட்டியபடி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பொழுது சாயும் முன்பே இருட்டிவிட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்து வடிந்தது. ஈரக் கம்பளி, மண்ணெண்ணெய், தைலம், புளித்த பால் என்று மூடிய வீட்டுக்குரிய வாடையெல்லாம் ஒன்றாகக் கலந்து மேலே போக வழியில்லாமல் மூக்குக்கு நேராக நின்றது. டிவியில் ஒரு பெண் பளிச்சென்று உடுத்திக்கொண்டு, குளிர் இன்னும் கூடும், காய்ச்சல் பரவுகிறது, வீட்டில் பிராணிகள் வளர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன, விளக்குச் சூட்டில் நிற்கிறாள். செய்தியில் சொல்வதை நம்பியா இவர் இத்தனை காலம் குப்பை கொட்டினார்.

அப்போதுதான் அது கேட்டது. இரண்டு குட்டை இருமல், பிறகு ஈர மரத்தில் ரம்பத்தை இழுத்த மாதிரி ஒரு நீள இருமல், கடைசியில் யாரோ சொன்னதற்கு ஒத்துக்கொண்டதுபோல் மெல்லிதாக ஒரு "ம்". அவர் மனைவியின் இருமல். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இந்த வீடு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அவள் படுத்திருப்பது இடப்பக்கத்து அறை. சத்தம் வந்தது பின்கட்டிலிருந்து.

லாரிப் பட்டறையில் காலமெல்லாம் காது வைத்து வேலை பார்த்தவர். எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த வால்வு போயிற்று என்று சொல்லிவிடுவார். காது பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான். எழுந்து போய் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பின்கட்டில் மறுபடி இருமல். அதே ரம்பம். அதே "ம்".

பின்கட்டில் நாய் மட்டும்தான் இருந்தது.

நாய்க்கு முதலாளி என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வீட்டிலேயே கதகதப்பான இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்வதால் அவள் வைத்த பெயர். முதலாளி எழுந்துட்டாரா, முதலாளிக்குப் பால் ஆத்தியாச்சா என்று அவள் கேட்பதும், சம்பளம் எப்ப தருவாராம் என்று இவர் கேட்பதும் வீட்டில் ஓயாத வேடிக்கை. அந்த முதலாளி இப்போது அவளுடைய பழுப்புக் கம்பளிமேல் கிடந்தது. விலா எலும்பு ஏறி இறங்கியது. இருமி முடித்துவிட்டு அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு கூச்சம் இருந்தது. அவளும் அப்படித்தான் பார்ப்பாள், தூக்கத்தைக் கெடுத்துவிட்டேனா என்கிற மாதிரி.

கம்பளியை அங்கே போட்டது மெக்கானிக்தான். மகன் அம்மாவுக்குப் புதுக் கம்பளி வாங்கி வந்தபோது, டாக்டரோடு வந்த நர்ஸ் பழையதை எரித்துவிடச் சொன்னாள். வேறு யார்மேலும் போடக்கூடாது என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள். தடித்த, நல்ல கம்பளி. பட்டறையில் செத்த வண்டியில் கழற்றியதை ஓடுகிற வண்டியில் மாட்டித்தான் பிழைப்பு நடந்தது. எதையும் எறிந்து பழக்கமில்லை. அந்தப் பழக்கம் வீடு முழுக்கத் தொற்றியிருந்தது. அவள் மேலிருந்து எடுத்ததை நாய்க்கு மாட்டிவிட்டார். அவ்வளவுதான் செய்தார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். மருமகள் பாலும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். போதாமல் இன்னும் கேட்டாள். இந்தக் குளிரைத் தாண்டமாட்டாள், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்த டாக்டர், மகன் போன் செய்ததும், மாற்றிக் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டாராம். மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் கைக்குழந்தையைத் தூக்கி வந்து பாட்டிக்குக் காட்டினாள். குட்டியிலிருந்து பாட்டிலில் பால் புகட்டி வளர்த்த நாயை அவள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்பதை மெக்கானிக் மட்டும் கவனித்தார். பின்கட்டுப் பக்கமே அவள் திரும்பவில்லை.

முதலாளி நாளுக்கு நாள் சுருங்கியது. தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. ஒரு பிற்பகலில், குழாயில் தண்ணீர் உறைந்துபோய் மகன் அதைச் சூடு காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இருமலின் நடுவிலேயே நின்றுபோனது. அந்தக் கடைசி "ம்" வரவில்லை. மெக்கானிக் குனிந்து அதற்காகக் காத்திருந்தார். எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே ஏதோ கொஞ்சநேரம் டிக் டிக்கென்று ஆறுமே, அந்தமாதிரி ஒன்றுக்காக.

வந்தது. பின்கட்டில் அல்ல. இடப்பக்கத்து அறையில்.

அன்று சாயங்காலம் அவள் இருமியதைக் கேட்டவர்கள் அதற்கு முன் கேட்டதெல்லாம் இருமலே இல்லை என்பார்கள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அதிர்ந்தது. துணியில் சிவப்பு. மகன் டாக்டருக்குப் போன் போடப் போனதும் அவள் மெக்கானிக்கின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"இன்னொண்ணு கொண்டு வாங்க."

என்ன இன்னொன்று என்று கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்களுக்கு நான் வேணும்ல?"

வேண்டும். அதுதான் வினையே. அவள் இல்லாமல் அவருக்குத் தன் சட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவள் இல்லாத இந்த வீட்டை நினைத்தால் குளிரில் திறந்துகிடக்கிற பட்டறை மாதிரி இருந்தது.

தெருமுனையில் காது கிழிந்த ஒரு வெள்ளை நாய் திரியும். பிஸ்கட்டைக் காட்டியதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. முதலாளி போனதற்கு ஆறுதல் தேடுகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் கம்பளியைக் கண்டதும் நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு பின்வாங்கியது. கழுத்தைப் பிடித்து அழுத்தினார். அது கடிக்கவில்லை. அழுத்துகிற கையை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது, முதல் இருமல் வரும்வரை.

அது முதலாளி தாங்கிய அளவுக்குத் தாங்கவில்லை.

அடுத்தது பூனை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தனியாக இருப்பவள். தையல் மிஷின்மேல் படுத்துத் தூங்குகிற அந்தப் பூனைதான் அவளுக்குப் பேச்சுத்துணை. இரண்டு நாளாகக் காணோம் என்று வாசலில் வந்து நின்றாள். பார்க்கவில்லை என்று மெக்கானிக் சொல்லி வாய் மூடுமுன் பின்கட்டிலிருந்து கேட்டது. இரண்டு குட்டை. ஒரு நீளம். "ம்".

"பாவம், அக்காவுக்கு இன்னும் இருமல் விடலையா?" என்றாள் தையல்காரம்மா.

சொல்லிவிட்டு அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். அவர் மனைவி பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, ஆப்பிள் கடித்துக்கொண்டு. பின்கட்டில் மறுபடி இருமல் கேட்டது. தையல்காரம்மாவின் கண் அவள் முகத்துக்கும் உள்ளே இருட்டுக்குமாகப் போய்ப் போய் வந்தது. வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு ஒன்றும் கேட்காமல், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள். அதன்பிறகு அவள் வீட்டு ஜன்னல் இந்தப் பக்கம் திறக்கவில்லை.

பூனை சீக்கிரம் முடிந்தது. சின்ன உடம்பில் அந்த இருமல் நிற்பதில்லை.

அதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது. மனிதர்களுக்கு அல்ல. மெக்கானிக் வெளியே கால் வைத்தால் நாய்கள் குரைக்காமல் எழுந்து போயின. குப்பைத்தொட்டியில் பூனை இல்லை. கூரை விளிம்பில் புறா இல்லை. பனியில் தெரு முழுக்க அவருடைய காலடித் தடம் மட்டும்.

வீட்டில் அவர் மனைவி புதுப் பேச்சு ஒன்றைத் தொடங்கியிருந்தாள். இருமலுக்கு நடுவே மருமகளைக் கூப்பிட்டு, குழந்தைக்குக் குளிர்கிறதோ என்று கேட்டாள். ஒரு தரம் கேட்டால் பாசம். ஓயாமல் கேட்டாள். கொஞ்சம் என் பக்கத்தில் விடேன் என்றாள். மருமகள் காய்ச்சலுக்குப் பயந்து மறுத்துவிட, அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்றைக்கே கம்பளியைச் சுருட்டிக் கொட்டகைப் பரண்மேல், பழைய டயர்களுக்குப் பின்னால் திணித்தார். எரித்திருக்கலாம். தீப்பெட்டி சட்டைப்பையில்தான் இருந்தது. எரித்தால் அவள் போய்விடுவாள். ஏணியில் நின்றபடி நெடுநேரம் அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு இறங்கினார்.

இன்னொன்றைத் தேடிக் கடைசியாகப் போனது ஒரு சாயங்காலம். சாக்கும் கயிறும் எடுத்துக்கொண்டு, ரயில் பாதைவரை நடந்து, ஆட்டு மந்தை இருக்கும் என்று யாரோ சொன்ன இடமும் வெறிச்சென்று கிடக்க, மூடுபனியில் வழி தப்பி, விரல்கள் மரத்து, வெறும் சாக்கோடு திரும்பினார்.

வீட்டுக்கு வெளியே நின்றார்.

இருமல் இல்லை.

போய்விட்டாள் என்று நினைத்தார். உள்ளே ஓடினார். இடப்பக்கத்து அறை. கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. தைல வாடை இல்லை. சோப்பு வாடை.

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"அத்தை எழுந்துட்டாங்க மாமா. தலைக்கு ஊத்திக்கிறாங்க. குழந்தையக்கூட அவங்களேதான் தூங்க வச்சாங்க."

எதைப் போர்த்தி என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இந்தப் பனியில குழந்தை துணி ஒண்ணும் காயல. நீங்க பரண்ல பத்திரமா வச்சிருந்தீங்களே, அந்தக் கம்பளி. அங்க இருக்குன்னு அத்தைதான் சொன்னாங்க. நாய் படுத்ததுதான், ஆனா நேத்தே வெந்நீர்ல நல்லா அலசிக் கணப்புல காய வச்சுட்டேன். நல்ல கம்பளி, எதுக்கு வீணாக்கணும்?"

மருமகளும் பழகிக்கொண்டுவிட்டாள். அவருடைய பழக்கத்தை.

மகன் அறை. விளக்கு இல்லை. தொட்டில். பழுப்பாக ஒரு மூட்டை.

அதற்குள்ளிருந்து வந்தது. விரல்நீள நெஞ்சிலிருந்து. இரண்டு குட்டை. ஒரு நீளம். ரம்பம் அதே ரம்பம். சின்ன மரம்.

"ம்."

பிடுங்கினார். கம்பளியைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போட்டிருக்கமாட்டார்.

உடனே வந்தது. நெஞ்சுக்குள் யாரோ ஈரக்கையை விட்டு எதையோ தேடிப் பிடித்தார்கள். காற்று பாதியில் நின்றது. முழங்கால் தரையில் இடித்தது. தொட்டிலில் குழந்தை அமைதியானது. கம்பிகளுக்கு நடுவே அவரைப் பார்த்தது. விடுபட்ட மூச்சு ஒன்றை நீளமாக இழுத்தது.

இப்படியே இருந்தால் போதும். அவருக்கே தெரியும். இப்படியே கிடந்தால் போதும்.

கிடந்தால் அவருக்காக யார் போவார்கள்? சாக்கு எடுத்துக்கொண்டு, கயிறு எடுத்துக்கொண்டு? அவளா? பின்கட்டுப் பக்கம் திரும்பாத அவள் முகம் நினைவுக்கு வந்தது. அவளை அவருக்குத் தெரியும். யாரும் வரமாட்டார்கள். இங்கே, தரையில், இருமலின் நடுவில். இருட்டு.

இன்னொரு இழுப்பு. வாயில் இரும்பு ருசி.

முடியவில்லை. கை தானாக எழுந்தது. தோளிலிருந்து இழுத்தது. தொட்டிலுக்கு மேலே நீட்டியது. குழந்தை அதைப் பார்த்துக் காலை உதைத்தது. விளையாட்டு என்று நினைத்தது. போட்டார். கழுத்துவரை. ஓரங்களை உள்ளே செருகினார். காற்றுப் புகாமல், சீராக, இரண்டு பக்கமும்.

அவருக்கு மூச்சு வந்தது. நன்றாக வந்தது.

"ஏங்க," என்று முன்னறையிலிருந்து குரல். "அந்தத் துண்டை எடுத்துட்டு வாங்க. முதுகெல்லாம் ஈரம்."

துண்டை எடுத்துக்கொண்டு போனார். அவள் கணப்புக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவிழ்த்துவிட்ட தலைமுடியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள். மெக்கானிக் பின்னால் நின்று துவட்டத் தொடங்கினார். முடி சூடாக இருந்தது. உள்ளறையில் மருமகள் ஓடுகிற சத்தம், பிறகு அவள் குழந்தையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், அதற்கு நடுவே அந்த ரம்பம்.

"அழுத்தித் துவட்டுங்க," என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

அழுத்தித் துவட்டினார்.