நஷ்டத்துக்கு வரி

காலை ஏழரை. குளித்துவிட்டு வந்த அக்கா பீரோவைத் திறந்தாள். வரிக்கென்று எடுத்து வைத்திருந்த கவரைக் காணோம். அதன் மேல் கழற்றி வைத்த தங்க வளையல்கள் மட்டும் அப்படியே இருந்தன.

நர்ஸ் வேலையில் சேர்த்ததையெல்லாம் ஒரு நிதி நிறுவனத்தில் போட்டவள் அவள். அது திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் சமரசமாகி ஏதோ கைக்கு வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போகும், ரொக்கமாக எடுத்து வை என்று தம்பி சொன்னான். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் அவன், எதிர்க்கேள்வி கேட்பாளா? கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு எடுத்து வைத்தாள்.

அக்கா போலீஸுக்கு போன் செய்தாள். வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். பூட்டு உடையவில்லை. சாவி வழக்கம்போலத் தலையணைக்கடியில் இருந்தது. அக்கா குளிக்கும்போது வீட்டில் இருந்தது இரண்டே பேர்: பாத்திரம் தேய்க்கும் பெண், விடிந்ததும் வந்துவிட்ட தம்பி. அந்தப் பெண் அழுது அழுது ஓய்ந்திருந்தாள். தம்பி மடியிலிருந்த தோல்பையை இறக்காமலே அவளைக் கைகாட்டினான்.

“அக்கா பாவம் மேடம். போட்டதுல பாதிகூடத் திரும்பி வரல. அதுலயும் இவ கை வெச்சுட்டா.”

“பாதிகூட வரலையா?”

“வரல. பேப்பரெல்லாம் பார்த்துக் கொடுத்ததே நான்தான்.”

“அப்ப வரி எதுக்கு சார்?”

அவன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“நானும் அதே கம்பெனியில போட்டு ஏமாந்தவதான். போட்டதுக்கு மேல வந்தாத்தானே லாபம்? லாபம் இருந்தாத்தானே வரி? எனக்கே தெரியுது, ஆடிட்டருக்குத் தெரியாதா? வரி கட்டறேன்னு நீங்க கேட்டு வாங்கிட்டுப் போயிருந்தா அக்கா ரசீது கேட்டிருப்பாங்க. திருடு போனா யாரு ரசீது கேப்பா? மேல கிடந்த வளையலை விட்டுட்டு அடியில இருந்த கவரை உருவினவர், அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சவர்தான். பையைத் திறங்க.”

கவர் பைக்குள்தான் இருந்தது, பிரிக்காமல். தம்பி, கடன் கழுத்தை நெரிக்கிறது என்று என்னவோ முனகினான்.

அக்கா முதலில் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னாள். கவரைத் தொடவேயில்லை.

“அது நிஜமாவே வரியாப் போயிருக்கலாம்டா” என்றாள். “நீயாவது எனக்கு மிஞ்சியிருப்பே.”