நல்லா இருக்கேனுங்க

கோவை வடவள்ளியில் கோகிலவாணியின் வீட்டில் பொழுது விடிவதே புகார்களோடுதான்.

"பால்காரர் வந்தாச்சு. எனக்கு அவரைப் பிடிக்கல" என்று வாசலில் நின்று அறிவித்தது பீமன். "பசிக்குது" என்றது பொரி. "பொரி என் இடத்துல படுத்திருக்கு" என்றது கிச்சடி. செவலை மட்டும் சோபாவுக்கு அருகில் கண்ணை மூடியபடி, "எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்றது.

நான்கும் தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாய்கள். நான்கின் கழுத்திலும் குரைபெயர்ப்பி இருந்தது. பட்டை போன்ற அந்தக் கருவி தொண்டையின் அதிர்வு, காதின் நிமிர்வு, வாலின் வேகம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, நாய் சொல்ல விரும்புவதைத் தமிழில் பேசிவிடும். அது சந்தைக்கு வந்த சில ஆண்டுகளில் கோவையில் பேசாத வீட்டுநாயே இல்லை என்றாகிவிட்டது. பூனைகளுக்கும் ஒன்று செய்து பார்த்தார்கள். பூனைகள் பேச விருப்பமில்லை என்பதுபோல் எழுந்து போய்விட்டன.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோகிலவாணியின் அண்ணன் மதிவாணன் விருந்துக்கு வந்திருந்தார். கறிக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டபோது பீமன் அவர் எதிரில் உட்கார்ந்து, "இவர் வந்தா நமக்கு எலும்பு கூட மிஞ்சாது" என்றது. அவர் வாய்க்குக் கொண்டுபோன கை பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவர் மோர் கூடக் கேட்கவில்லை.

அண்ணனை வழியனுப்பிவிட்டு வந்த கோகிலவாணி கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"ஏனுங்க, வீட்டுக்கு வந்தவிங்கள இப்படிப் பேசுனா நாளைக்கு யாருங்க நம்ம வாசப்படி மிதிப்பாங்க?"

"நாய்தானே கோகிலா. உள்ளதைச் சொல்லுது" என்றான் கார்வேந்தன்.

"உள்ளதைச் சொல்லிட்டா அது மரியாதையாயிருமாங்க?"

அவன் பிறந்ததும் கோவை, அவள் பிறந்ததும் கோவை. வந்தவரை முதலில் "வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற காரியம் பார்க்கும் ஊர் அது. சண்டை போட்டாலும் "ங்க" போட்டுத்தான் போடுவார்கள். அந்த ஊர் நாய் மட்டும் வாய்க்கு வந்ததைப் பேசினால் எப்படி?

மறுநாளே பாடம் தொடங்கியது. நல்லபடியாகப் பேசினால் ஒரு பிஸ்கட். புகார் சொன்னால் ஒன்றும் கிடையாது. நாய்கள் அசடல்ல. ஒரே மாதத்தில் பீமன் வாசலில் நின்று, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று பால்காரரையே திக்குமுக்காட வைத்தது. யார் எப்போது நலம் விசாரித்தாலும் நான்கும் ஒரே குரலில், "நல்லா இருக்கேனுங்க" என்றன. கோகிலவாணிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள், முறையைக் கேட்டுக்கொண்டு போனார்கள். விரைவில் அந்தத் தெரு நாய்களெல்லாம் போகிறவர் வருகிறவரிடம் "பாத்துப் போங்க" என்று சொல்ல ஆரம்பித்தன. திருடன் வந்தாலும் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்கும் என்று கார்வேந்தன் கேலி செய்தான்.

செவலை சாப்பாட்டை மிச்சம் வைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

"என்ன சாமி, உடம்புக்கு முடியலையா?"

"நல்லா இருக்கேனுங்க."

கோகிலவாணி மகிழ்ந்து ஒரு பிஸ்கட் கொடுத்தாள். செவலை அதை வாயில் வாங்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போயிற்று. ஒரு வாரத்தில் அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் இருவரும் பயந்துபோய் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் நித்திலா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கேட்டார். "எங்க வலிக்குது?"

"வலியெல்லாம் இல்லீங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

டாக்டர் மனம் குளிர்ந்துபோனார். "நோயாளியே நல்லா இருக்கேன்னு சொல்லும்போது நாம எதுக்கு வீணா மருந்து கொடுக்கணும்?" என்று ஒரு சத்து டானிக்கை மட்டும் எழுதிக் கொடுத்தார். குரைபெயர்ப்பி வந்தபிறகு நாயைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் போய்விட்டிருந்தது. கேட்டால் சொல்லிவிடப் போகிற ஒன்றைத் தொட்டு வேறு பார்ப்பானேன்?

மறுநாள் காலை செவலை எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு மெத்தை விரிக்க சோபாவை நகர்த்திய கோகிலவாணி அப்படியே நின்றுவிட்டாள். சோபாவுக்குப் பின்னால் பிஸ்கட்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றில் கூடப் பல் பட்டிருக்கவில்லை.

"செவலை பிஸ்கட் தின்னே எத்தனையோ நாளாச்சுங்க" என்றாள்.

"அப்புறம் எதுக்கு நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு?" கார்வேந்தனுக்குப் புரியவில்லை. "செவலை, நெசமாச் சொல்லு. என்ன பண்ணுது?"

"நல்லா இருக்கேனுங்க" என்றது செவலை, சன்னமாக.

"அந்தப் பட்டையைக் கழட்டுங்க மொதல்ல!"

கழற்றினான். கார்வேந்தன் தரையில் உட்கார்ந்து, செவலையின் காலை, வயிற்றை, முதுகை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். அது சும்மா இருந்தது. வலது தாடையில் கைவைத்ததும் உறுமிக்கொண்டு அவன் விரலை வெடுக்கென்று கடித்துவிட்டது. ரத்தம் வந்தது.

"இங்கதான் கோகிலா! இங்கதான் வலிக்குது!" கடிபட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் குதித்த குதியைப் பார்த்தால் பரிசு விழுந்தவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இந்த முறை டாக்டர் எழுந்து வந்து வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் சொத்தையாகி, சீழ் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணே போயிருக்கும்ங்க" என்றபோது அவர் முகம் வெளுத்திருந்தது. அன்றே பல்லைப் பிடுங்கினார்கள்.

செவலை பிழைத்து வந்து ஒரு தட்டுச் சோற்றை வழித்து நக்கிய அன்று வீட்டில் சட்டம் மாறியது. இனி உள்ளதைச் சொன்னால்தான் பிஸ்கட். பீமன் உடனே, "எனக்கு வாலு வலிக்குதுங்க" என்றது. வாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பொய் என்று தெரிந்ததும் கார்வேந்தன் டப்பாவை மூடிவிட்டான். தொட்டுப் பார்ப்பது வீட்டில் மறுபடி வழக்கமாயிற்று.

தீபாவளிக்கு மதிவாணன் வந்தார். "வாங்க, உக்காருங்க. கறியில கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றது பீமன். இந்த முறை அவர் வாய்விட்டுச் சிரித்து, ஒரு எலும்பை எடுத்து அதற்கென்று தனியே வைத்தார்.

"அப்புறம் அம்மணி, எல்லாரும் சௌக்கியமா?"

"எங்களுக்கென்னங்கண்ணா, நல்லா இருக்கோம்" என்றாள் கோகிலவாணி, குழம்புச் சட்டியோடு குனிந்தபடி.

"அம்மா நல்லா இல்லீங்க" என்றது பொரி. "முதுகு வலிங்க. அப்பா வேலைக்குப் போனதும் தைலம் தேச்சுக்கிட்டுப் படுத்துக்கறாங்க. ரொம்ப நாளாவே."

மதிவாணன் தங்கையைப் பார்த்தார். கார்வேந்தன் எழுந்து வந்து அவள் கையிலிருந்த சட்டியை வாங்கி வைத்தான். தினமும் வேலைவிட்டு வந்ததும், எப்படி இருக்கே என்று அவன் கேட்காத நாளில்லை. தினமும் ஒரே பதில்தான் வந்தது.

"ஏன் கோகிலா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் செவலையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நல்லா இருக்கேன்னு சொன்னதும் உங்க மொகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. அதை எப்படிங்க கெடுக்கறது?"