பெட்டிக்குள் போன கனவுகள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் டாக்டர் நான்தான். வயது பத்து. பட்டம் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது.

என் தம்பி பஞ்சுவுக்கு ஐந்து வயது. தினமும் காலையில் கண்ணைத் திறக்காமலே கனவு சொல்வான். நான் அதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டி வைப்பேன். அம்மா கப்பலில் இன்ஜினியர். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் போனில் பேச முடியும். அப்போது எல்லாக் கனவுகளையும் படித்துக் காட்டுவோம்.

இன்று ஆறு மணிக்கு அம்மா பேசுவார். காலையில்தான் அப்பா பழைய கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டு, அதிலிருந்த கோப்புகளை ஏற்றிப் புதியதை வைத்திருந்தார். ஐந்தரைக்குக் கனவுக் கோப்பைத் திறந்தேன்.

ஓர் எழுத்துகூட இல்லை. திரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பெட்டிகள்.

"அக்கா, என் கனவெல்லாம் பெட்டிக்குள்ள போயிடுச்சா?" பஞ்சுவின் உதடு பிதுங்கியது.

"டாக்டர் இருக்கேன்ல? பயப்படாதே."

டாக்டர் முதலில் திரையைச் சட்டையால் துடைத்தார். பிறகு எழுத்தின் அளவைப் பெரிதாக்கினார். பெரிய பெரிய பெட்டிகள் வந்தன.

அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கெட்டுப்போச்சு போல. அழிச்சுட்டு, ஞாபகம் இருக்கிறதை எழுதேன்மா."

"கனவு எப்படிப்பா ஞாபகம் இருக்கும்?" என்று பஞ்சு அழத் தொடங்கினான். நியாயமான கேள்வி.

அழிக்கும் பொத்தான் வரை என் விரல் போய்விட்டது. அப்போதுதான் கவனித்தேன். பெட்டிகளுக்கு நடுவே ஆச்சரியக்குறிகள் நின்றன. பஞ்சுவின் கனவில் எல்லாமே ஆச்சரியம்தான், வரிக்கு மூன்று! போட்டது போட்ட இடத்திலேயே இருந்தது.

"டேய், உன் கனவு எங்கேயும் போகல. உள்ளேதான் இருக்கு. போட்டுக்கச் சட்டை இல்லாம வெளியே வர வெட்கப்படுது!"

சட்டை பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. "தூங்குமூஞ்சி எழுத்துதான் வேணும்" என்று பஞ்சு அடம்பிடித்ததால், கொட்டாவி விடுவது போல வளைந்த எழுத்துரு ஒன்றை அதில் ஏற்றியிருந்தேன். புதியதில் அது இல்லை. ஆக, நோயைக் கொண்டுவந்ததே டாக்டர்தான்.

முதல் கனவுக்கு மட்டும் வேறு எழுத்துருவைப் போட்டேன். எழுத்துகள் வந்தன. ஆனால் கொம்புகள் தனியாக, ஆளுக்கொரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு மிதந்தன.

"சோப்புக் குமிழி!" பஞ்சு அழுகைக்கு நடுவே சிரித்தான்.

இன்னொன்றைப் போட்டேன். கொம்புகள் மெல்ல இறங்கி, அதனதன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டன. மேகத்தில் பல் தேய்க்கும் யானை வந்தது. அடுத்து, நிலாவுக்கு ஸ்வெட்டர் பின்னும் அப்பா வந்தார்.

ஒன்பதாவது கனவுக்கு வந்தபோது பஞ்சு உள்ளங்கையால் திரையை மூடினான்.

"இது வேணாம்."

எனக்கும் ஞாபகம் வந்தது. பனிமூட்டத்தில் அம்மாவின் கப்பல் காணாமல் போகும் கனவு. ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லாத ஒரே கனவு.

அதை மட்டும் பெட்டிகளாகவே விட்டுவிட்டு மற்றதை மாற்றி முடித்தேன். போன் அடித்தது.

அம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "ஏன்டா, என்னைப் பத்திக் கனவே வரலையா?"

"வந்துச்சும்மா. பெட்டிக்குள்ள இருக்கு. நீ வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து திறக்கலாம்."

கடல் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல் வந்தது.

"சரிடா கண்ணா. சாவி பத்திரம்."

டாக்டர் மறுபடியும் திரையைத் துடைத்தார். திரை சுத்தமாகத்தான் இருந்தது.