ஒரு கழுகை அழிக்க இரண்டு லட்சம்!

போன் அலறியது.

ஸ்ரீபெரும்புதூர் மெயின் ரோட்டில், செல்போன் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஸ்கின் கிளினிக். டாக்டர் வினோதினி மதியச் சாப்பாட்டுக்காக டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள்.

“ஹலோ?”

“டாக்டரம்மாவா...? முதுகு ஃபுல்லா டாட்டூ கீது. லேசர்ல அழிக்கணும். இன்னா ஆவும்?”

வினோதினிக்குப் பழகிய கேள்வி. ஒரகடம் கம்பெனிப் பையன்கள் அடிக்கடி கேட்பது. மிலிட்டரி செலக்‌ஷன், முறிந்த காதல், முறைக்கிற மாமனார்... காரணங்கள்தான் மாறும்.

“முதுகு முழுக்கன்னா ஒரே நாள்ல முடியாது தம்பி. பத்துப் பன்னெண்டு சிட்டிங் ஆகும். நடுநடுவுல ரெண்டு மாசம் கேப் விடணும். மொத்தமா ரெண்டு லட்சம் வரும்.”



“துட்டு மேட்டரில்ல டாக்டர். எங்க அண்ணன் குடுக்கிறேன்னாரு. ஆனா அவ்ளோ நாள்லாம் தாங்காது. நாளைக்கே அழிக்கணும்!”

“நாளைக்கேவா? அப்படி என்ன டாட்டூ?”

“கழுகு... கால்ல பாம்ப புடிச்சினு கீது.”

வினோதினியின் கையிலிருந்த ஸ்பூன் நழுவியது!

அந்தக் கழுகைப் பற்றிய போலீஸ் அறிவிப்பு ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவளுடைய வாட்ஸப்புக்கு வந்திருந்தது.

கோபிநாத். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் அதிகாரி. லாரி லாரியாகப் பழைய இரும்பு திருட்டுப் போவதைக் கண்டுபிடித்தவன். நாற்பது நாட்களுக்கு முன், பிள்ளைப்பாக்கம் வயல் ஒன்றில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். ஆடு மேய்க்கும் பாப்பம்மாள் தற்செயலாகக் கொலைகாரனைப் பார்த்துவிட்டாள். பம்ப்செட் தண்ணீரில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்த அவனுடைய வெற்று முதுகை மட்டும்!

முதுகு முழுக்கக் கழுகு. கால்களில் பாம்பு.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க,” என்றாள் வினோதினி.

அடுத்த நிமிடமே இன்ஸ்பெக்டர் சபாபதிக்கு டயல் செய்தாள்.

“பயப்படாதீங்க டாக்டர்,” என்றார் சபாபதி. “பக்கத்து ரூம்ல நான் மஃப்டியில இருப்பேன். அவன் சட்டையக் கழட்டினதும் ஒரு தடவை இருமுங்க. போதும்.”

“அவன்கிட்ட கத்தி இருந்தா சார்...?”

“இருக்கும். அதனால கதவ மட்டும் தாழ்ப்பாள் போட்டுடாதீங்க!”

பதினோரு மணி.

படிக்கட்டில் காலடிச் சத்தம்... இரண்டு ஜோடிக் கால்கள்!

முதலில் வந்தவனுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. கண்கள் நிலைகொள்ளாமல் அலைந்தன. பின்னால் வந்தவர் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார்.

“வணக்கம் டாக்டர். நான் ராஜசேகர். ஒரகடத்துல ஸ்க்ராப் யார்டு வெச்சிருக்கேன். இவன் ரஞ்சித், நம்மகிட்ட லோடு ஏத்துற பையன். பாவம், சம்சாரம் மாசமா இருக்கா. செலவு பூரா நம்மளுது. இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க!”

“நீங்க வெளிய உக்காருங்க சார்.”

கதவு மூடியது.

லேசர் அறையில் அவளும் அவனும் மட்டும்!

“சட்டையக் கழட்டிட்டுக் குப்புறப் படு.”

ரஞ்சித் படுத்தான். வினோதினி விளக்கை அவன் முதுகுக்கு நேராக இறக்கினாள்.

கழுகு!

தோளிலிருந்து இடுப்புவரை விரிந்த சிறகுகள். கூர்மையான நகங்களுக்கிடையில் நெளியும் பாம்பு. ஐயமே இல்லை... அவனேதான்!

இரும வேண்டும். இருமினால் போதும்.

தொண்டை வரை வந்த இருமலை வினோதினி சட்டென்று விழுங்கினாள்.

என்ன இது...?

கையுறை அணிந்த விரலால் கழுகின் சிறகைத் தடவினாள். சொரசொரப்பு. ஓரங்களில் மெல்லிய பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது. புதுத் தோல் எண்ணெய் பூசினாற்போல மினுமினுத்தது.

“இது எப்போ குத்தினது ரஞ்சித்?”

“ரெண்டு... ரெண்டு வருசம் ஆச்சு டாக்டர்.”

“பொய்!”

அவன் முதுகு விறைத்தது.

“பன்னெண்டு வருஷமா தோலைத்தான் பார்க்கிறேன். என்கிட்டயேவா? இதுக்கு மூணு வாரம்கூட முழுசா ஆகல. உண்மையச் சொல்லு!”

கதவு தட்டப்பட்டது. ராஜசேகரின் குரல்.

“டாக்டர்... ஆரம்பிச்சிட்டீங்களா?”

“மரத்துப் போற க்ரீம் போட்டிருக்கேன் சார். அரை மணி நேரம் ஆகும்!”

காலடிகள் விலகின. வினோதினி அவன் காதருகே குனிந்தாள்.

“உன் உயிர் இப்போ உன் வாயிலதான் இருக்கு. சொல்லு.”

ரஞ்சித் விசும்ப ஆரம்பித்தான்.

“ராஜசேகர் அண்ணன்தான் குத்த வெச்சாரு டாக்டர். யார்டு பசங்க அல்லாருக்கும் ஒரே டாட்டூ, மொத ஆளு நீதான்னு சொல்லி இட்டுனு போனாரு. மூணு நாளு குத்துனாங்க... செம வலி. இப்போ போலீசு கழுகத் தேடுதுன்னு ஊரே பேசுது. வூட்ல பொண்டாட்டிகூட என்ன ஒரு மாதிரி பாக்குறா! அண்ணன்கிட்ட அழுதேன். லேசர்ல அழிச்சிடலாம், டாக்டரு கேட்டா ரெண்டு வருசம்னு சொல்லுன்னாரு.”

“கழுகை யார் தேர்ந்தெடுத்தாங்க? நீயா?”

“நானா? இல்ல டாக்டர்... அவரே பேப்பர்ல வரைஞ்சு குடுத்தாரு. நகம் இப்டி இருக்கணும், பாம்பு வாலு இப்டி சுத்தணும்னு பக்கத்துலயே குந்திகினு சொன்னாரு.”



பக்கத்து அறையின் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். துப்பாக்கியில் கையை வைத்தபடி நின்றிருந்தார் சபாபதி.

“ஏன் இருமல டாக்டர்? நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிட்டிருக்கு எனக்கு!”

“சார், கொலை நடந்து நாற்பது நாள் ஆச்சு. இந்தக் கழுகு பொறந்தே மூணு வாரம்தான் ஆகுது!”

சபாபதி கதவிடுக்கு வழியாக ரஞ்சித்தின் முதுகைப் பார்த்தார்.

“நிச்சயமா?”

“கோர்ட்டுல வந்து சத்தியம் பண்றேன். ஒரு கேள்வி சார்... கழுகு விஷயம் உங்களுக்கு எப்போ தெரியும்?”

“போன வாரம். பாப்பம்மாள் பயந்துபோய்க் குன்றத்தூர்ல மகள் வீட்டுல ஒளிஞ்சிருந்தா. திரும்பி வந்த பிறகுதான் வாயத் திறந்தா.”

“போலீசுக்கே போன வாரம்தான் தெரியும். ஆனா மூணு வாரத்துக்கு முன்னாடியே, வெளிய உக்காந்திருக்கிற ராஜசேகர் அதே கழுகை, நகம் வால் மாறாம இவனுக்கு வரைஞ்சு குடுத்திருக்கார்!”

சபாபதியின் கண்கள் சுருங்கின.

“அந்தம்மா பார்த்துட்டான்னு அப்பவே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ வாயத் திறக்கிறதுக்குள்ள இன்னொரு முதுகைத் தயார் பண்ணிட்டான்! அதுவும், டாட்டூவ அழிக்க வந்த இடத்துலயே இந்தப் பையனை நாங்க அமுக்கணும்... அழிக்க வந்தவன்தானே குத்தவாளின்னு ஊர் உலகமே நம்பும்!”

“அதுக்குத்தான் சார் ரெண்டு லட்சம்!”

சபாபதி துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தார்.

ராஜசேகர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சாயவில்லை.

“ராஜசேகர் சார்! நான் இன்ஸ்பெக்டர் சபாபதி. கழுகு மாட்டிக்கிச்சு சார்!”

ராஜசேகர் துள்ளி எழுந்தார். கண்கள் அகல விரிந்தன. அருமையான நடிப்பு!

“ஐயையோ! நம்ம ரஞ்சித்தா...? பச்சப்புள்ள மாதிரி இருப்பானே! இப்படி ஒரு பாவிய யார்டுல வெச்சு சோறு போட்டிருக்கேனே சார்!”

“விடுங்க சார். நீங்க மட்டும் இவனை இங்க கூட்டிட்டு வரலைன்னா எங்களுக்குக் கிடைச்சிருப்பானா? டிபார்ட்மென்ட் சார்பா ரொம்ப தேங்க்ஸ்!”

சொல்லிக்கொண்டே சபாபதி அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“ஆஆஆ...!”

அந்த அலறல் கீழே செல்போன் கடைவரை கேட்டது!

ராஜசேகர் தரையில் மண்டியிட்டுத் துடித்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில் ஈரமாய் ஒரு மஞ்சள் கறை... மெல்லப் பரவியது.

வினோதினி கத்தரிக்கோலால் சட்டையை வெட்டினாள். உள்ளேயிருந்த பேண்டேஜைப் பிரித்தாள்.

தோலே இல்லை! வெந்து, கருகி, சீழ் பிடித்த சதை. இடது தோளில் மட்டும் அரைகுறையாக மிஞ்சியிருந்தது... ஒரு சிறகு.

“பேட்டரி ஆசிட்,” என்றாள் கிசுகிசுப்பாக. “ஆசிட்ல துணிய நனைச்சு ஒத்தியெடுத்திருக்கார் சார்.”

“லேசருக்குப் போனா... டாக்டர் பார்த்துடுவாங்களே...” ராஜசேகரின் பற்கள் கிட்டித்தன. “அந்தக் கோபிநாத் லாரி நம்பரெல்லாம் எழுதி வெச்சிருந்தான் சார். அவன் மட்டும் வாய மூடிக்கினு இருந்திருந்தா...”

விலங்கு மாட்டப்பட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் காவலோடு அவர் இறக்கப்பட்டார்.

லேசர் அறை வாசலில் ரஞ்சித் நின்றான். நடந்ததை நம்ப முடியாமல் படிக்கட்டையே பார்த்தான்.

“அண்ணன்... என்னைத் தூக்குல போடவா இதெல்லாம் பண்ணாரு?”

வினோதினி அவன் தோளைத் தொட்டாள்.

“உன் சம்சாரத்துக்கு போன் பண்ணு. வீட்டுக்கு வர்றேன்னு சொல்லு.”

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் குப்புறப் படுத்தான்.

“மொதல்ல இந்தச் சனியன அழிச்சிடுங்க டாக்டர். கடன ஒடன வாங்கியாவது துட்டு குடுத்துடுறேன்!”

“யோவ், எந்திரி எந்திரி!” பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார் சபாபதி. “அந்தக் கழுகுதான்யா என்னோட முக்கிய சாட்சி. கேஸ் முடியுற வரைக்கும் உன் முதுகு கவர்மென்ட் சொத்து... அரிச்சாக்கூட எங்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் சொறியணும்!”