குசினிக்குக் கீழே ஓடும் வாய்க்கால்

வீட்டுக்குக் கீழே ஆள் குனிந்து போகக்கூடிய சீமெந்துக் கழிவு வாய்க்கால் இருந்தும், வீரகத்தி முற்றத்தில் குண்டுக்கு ஒளியத் தனியாக ஒரு பங்கர் வெட்டி வைத்திருந்தார். வீடு கைமாறிய பிறகுதான் அதை வாங்கிய இராசேஸ்வரி காரணம் கேட்டாள்.

“என்ரை மனுசிக்கு அந்த மணம் ஒத்துவராது, தங்கச்சி. அவா சென்ற் போத்தலுக்குள்ளை பிறந்தவா.”

மனைவி சிரிக்கவில்லை. ட்ராக்டர் பெட்டியில் ஏறி, வீட்டைப் பார்க்காமல் இருந்தாள்.

பக்கத்து அரிசி மில் இயங்கிய காலத்தில், நெல் அவித்த தண்ணீரும் கக்கூசின் அழுக்கும் அந்த வாய்க்காலால்தான் வயலுக்குப் போயின. மில் குண்டு விழுந்து இடிந்தபின் அது காய்ந்துவிட்டது. குசினி மூலையில் கிடந்த பலகையைத் தூக்கினால், புளித்த நெல்லும் பழைய மூத்திரமும் கலந்த வாடை மெல்ல மேலேறி வந்து, கழுவிக் கவிழ்த்த சட்டிகளில் ஒட்டிக்கொள்ளும். போரில் இடம்பெயர்ந்த இராசேஸ்வரிக்குத் தர்மபுரம் நான்காவது இடம். இனியும் மூட்டை கட்ட அவள் உடம்பில் பலமில்லை.

கிளிநொச்சியில் மகன் நிருஷன் பங்கர் வாசலில் நின்றபடி செத்தான். உள்ளே இருந்தவர்கள் ஒரு முழம் தள்ளியிருந்தால் அவனுக்கும் இடமிருந்திருக்கும். எஞ்சியிருந்த மகள் சாரங்காவுக்கு அவள் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தாள்:

“இறங்கினால் உள்ளுக்குப் போ. பின்னாலை வாறவைக்கு இடம் விடு.”

தொண்ணூற்றேழு மாரியில் முற்றத்துப் பங்கர் வெள்ளத்தால் நிரம்பியது. மறுநாள் காலை கிபிர் விமானம் வந்தது. இருவரும் முற்றத்துச் சேற்றோடு ஓடிவந்து, குசினிப் பலகையைத் தூக்கி, தண்ணீர் வயலுக்கு வடிந்துபோயிருந்த வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். இருட்டில் யாரோ வந்து அருகில் குந்தினார்கள். தெருவில் போகிறவர்கள் கிட்டிய பங்கருக்குள் பாய்வது வழக்கம்தான்.

“கொஞ்சம் தள்ளுங்கோ,” என்றது ஒரு பெண்குரல்.

தள்ளினாள். இன்னொரு முழங்கால் முட்டியது. ஈரமாக இருந்தது. மறுபடி தள்ளினாள்.

விமானம் போனபின் அவர்கள் இருவர் மட்டுமே மேலே வந்தார்கள். குசினி நிலத்தில் இரண்டு சோடிச் சேற்றடிகள்தான் இருந்தன.

“கனபேர் வந்தவையெல்லே, அம்மா? ஒரு அன்ரி என்ரை தலையைத் தடவினவா.”

அவள் அடுப்பை மூட்டினாள்.

மூன்றாம் நாள் மறுபடி இரைச்சல் கேட்டது. போக வேறிடமில்லை. இந்தமுறை அவள் வாய்க்காலின் வாசலடியில் இருந்து, கால்களை எதிர்ச்சுவரில் ஊன்றி, மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் தள்ளுங்கோ.”

தள்ளவில்லை.

“தள்ளுங்கோ, பிள்ளை.”

குண்டு விழுந்தது. மண் கொட்டியது. பிடி நழுவியது.

“சாரங்கா!”

“உள்ளுக்குப் போறன், அம்மா.”

“நில்லடி!”

“இடம் விடுறன். இன்னும் ஆக்கள் வருகினம்.”

குரல் வீட்டைத் தாண்டிப் போயிருந்தது. வயலுக்குக் கீழிருந்து வந்தது.

விமானத்தின் இரைச்சல் ஓய்ந்தது. மேலிருந்து விழுந்த சதுர வெளிச்சம் மறைந்தது. தெரிந்தது. மறைந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் குனிந்து இறங்கும் நேரம்.

அவள் குரல் வந்த பக்கம் தவழ்ந்தாள். அவள் விட்ட இடத்தில் உடனே யாரோ குந்தினார்கள்.